பஞ்சு வரி போனால் பருத்தியை விட்டுவிடலாமா?

கேள்வி: எனக்குப் பெரம்பலூர் மாவட்டம் வேப்பந்தட்டை வட்டத்தில் நாலு ஏக்கர் மானாவாரிக் கரிசலும் ஒன்றரை ஏக்கர் கிணற்றுப் பாசன நிலமும் இருக்கின்றன. இந்த வருடம் (2025) ஆடிக் கடைசியில் நாலு ஏக்கரிலும் பருத்தி விதைத்தேன். விதை முளைத்த வாரமே வெளிநாட்டுப் பஞ்சுக்கான இறக்குமதி வரியை எடுத்துவிட்டார்கள். அடுத்த வாரம் அமெரிக்கா நம் துணிகளுக்கு 50 சதவீத வரி போட்டது. "இனி பருத்தி விலை எழும்பாது, மக்காச்சோளத்துக்கு மாறிவிடு" என்று ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். தையில் எடுக்கப்போகும் பருத்தியை எப்படி விற்பது? கிணற்று நிலத்தில் மாசியில் என்ன போடலாம்? அடுத்த ஆவணியில் பருத்தி போடலாமா, கூடாதா?

பதில்:

உங்கள் கவலை நியாயமானது. விதையும் அடியுரமும் மண்ணுக்குள் போன பிறகு ஒரு விலைக் காரணியை அரசு மாற்றினால், அதற்கு ஈடாக விவசாயி செய்யக்கூடியது அந்தப் பருவத்தில் அநேகமாக ஒன்றுமில்லை. 2018-இல் அமெரிக்க சோயாவுக்குச் சீனா 25 சதவீத வரி விதித்தபோது, அந்நாட்டு அரசு தன் விவசாயிகளுக்கு ஒரு புஷல் (சுமார் 27 கிலோ) சோயாவுக்கு 1.65 டாலர் கணக்கிட்டு நேரடியாக நட்டஈடு கொடுத்தது. இங்கே வரியை நீக்கியபோது அப்படி எதுவும் அறிவிக்கப்படவில்லை. நமக்கு இருப்பது குறைந்தபட்ச ஆதார விலை ஒன்றுதான். அதை எப்படி எட்டிப் பிடிப்பது என்பதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

அதற்கு முன், இந்த வரி உங்கள் பருத்தியில் குவிண்டாலுக்கு எத்தனை ரூபாய் என்று பார்த்துவிட வேண்டும். அந்தக் கணக்கைப் போடாமல் பயிரை மாற்ற முடிவெடுக்காதீர்கள்.

வெளிநாட்டுப் பஞ்சுக்கு இருந்த இறக்குமதி வரி 11 சதவீதம். அது 2021 பிப்ரவரி பட்ஜெட்டில் வந்தது. அடிப்படைச் சுங்க வரி 5, வேளாண் உள்கட்டமைப்பு மேல்வரி 5, இரண்டின் மீதும் பத்தில் ஒரு பங்கு சமூக நலக் கூடுதல் வரி. இதை 2025 ஆகஸ்ட் 19 முதல் செப்டம்பர் 30 வரை நீக்கினார்கள். பிறகு ஆகஸ்ட் 28 அன்று அந்த விலக்கை டிசம்பர் 31 வரை நீட்டித்தார்கள்.

இப்போது கணக்கு. பஞ்சை மில்காரர்கள் கண்டியில் பேசுவார்கள். ஒரு கண்டி 356 கிலோ, அதாவது சுமார் 784 பவுண்டு. வெளிநாட்டுப் பஞ்சு ஒரு பவுண்டு தூத்துக்குடியில் வந்திறங்க 77 சென்ட், டாலர் 88 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கண்டி சுமார் 53,100 ரூபாய். 11 சதவீத வரி சேர்ந்தால் ஏறத்தாழ 59,000. வித்தியாசம் 5,850 ரூபாய். நூறு கிலோ பருத்தியை அரைத்தால் 34 கிலோ பஞ்சு கிடைக்கும் என்றால், ஒரு கண்டிப் பஞ்சுக்கு பத்தரைக் குவிண்டால் பருத்தி வேண்டும். 5,850-ஐ பத்தரையால் வகுத்தால் குவிண்டாலுக்கு சுமார் 560 ரூபாய். வரி முழுதாகப் போனால் உங்களுக்கு ஏற்படக்கூடிய அதிகபட்ச இழப்பு இவ்வளவு.

அதே வகுத்தலை மற்றவற்றுக்கும் போட்டுப் பாருங்கள். நியூயார்க் வாயிதாவில் (முன்பேரச் சந்தையில்) பஞ்சு பவுண்டுக்கு ஒரு சென்ட் ஏறினால் உங்கள் பருத்திக்கு குவிண்டாலுக்கு சுமார் 66 ரூபாய். டாலர் ஒரு ரூபாய் ஏறினால் சுமார் 58 ரூபாய். ஆக, உலக விலை எட்டு அல்லது ஒன்பது சென்ட் நகர்ந்தாலே முழு வரிக்கும் சமம். 2022-இல் நடந்ததும் இதுதான். அந்த வருடம் ஏப்ரல் 14 முதல் அக்டோபர் கடைசி வரை இதே வரியை நீக்கியிருந்தார்கள். ஆனால் மே மாதத்தில் பஞ்சு கண்டிக்கு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. உலகச் சந்தை உச்சத்தில் இருந்ததால் வரி விலக்கு விலையை இறக்கவில்லை. 2025-இல் உலகச் சந்தை சோர்ந்து கிடந்த நேரத்தில் வரி போனதால் அடி விழுந்தது.

வரி போன கையோடு 560 ரூபாயும் ஒரே நாளில் போய்விடுவதில்லை. ஆகஸ்டில் வரி நீக்கம் அறிவித்ததும், ஆதார விலைக்குப் பருத்தி வாங்கும் மத்திய அரசு நிறுவனமான இந்தியப் பருத்திக் கழகம் தன் கையிருப்புப் பஞ்சின் விலையை அடுத்தடுத்து இருமுறை குறைத்தது. அந்த இரண்டு குறைப்பும் சேர்த்துக் கண்டிக்கு 1,100 ரூபாய், பருத்திக் கணக்கில் குவிண்டாலுக்கு சுமார் 105 ரூபாய். மீதி மெல்ல மெல்லத்தான் இறங்கும். பிரேசிலிலிருந்தோ ஆப்பிரிக்காவிலிருந்தோ பஞ்சு கப்பலேறி வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். மில்லுக்கு வேண்டிய தரமும் நூல் எண்ணும் ஒத்துவர வேண்டும். ஏற்றுமதிக்கு நூல் செய்யும் ஆலைகள் முன்அனுமதித் திட்டத்தின் கீழ் வரி இருக்கும் காலத்திலும் வரியில்லாமல் பஞ்சு கொண்டுவரலாம். 32 மில்லிமீட்டருக்கு மேல் நீளமுள்ள மிக நீண்ட இழைப் பஞ்சுக்கு 2024 பிப்ரவரி முதலே வரி கிடையாது. ஆகவே வரி இருந்த காலத்திலும் உங்களுக்கு முழுப் பாதுகாப்பு இருந்ததில்லை, போன பிறகு முழு நட்டமும் வந்துவிடுவதில்லை.

பலரும் கவனிக்காத இன்னொன்று பருத்திக்கொட்டை. நூறு கிலோ பருத்தியில் 64 கிலோ கொட்டைதான். கிலோ 32 ரூபாய் என்றால் 2,000 ரூபாய்க்கு மேல் அதிலிருந்து வருகிறது. வியாபாரி உங்களுக்குச் சொல்லும் விலையில் ஏறக்குறைய கால் பங்குக்கு மேல் கொட்டைக் காசு. கொட்டை கிலோவுக்கு 5 ரூபாய் இறங்கினால் குவிண்டாலுக்கு 320 ரூபாய் போச்சு. கொட்டை விலை சமையல் எண்ணெயையும் புண்ணாக்கையும் ஒட்டிப் போகும். 2024 செப்டம்பரில் கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களுக்கு 20 சதவீத அடிப்படை வரி போட்டார்கள். 2025 மே கடைசியில் அதை 10 ஆகக் குறைத்தார்கள். இந்தச் செய்திக்கும் பருத்திக்கும் சம்பந்தமில்லை என்று தள்ளிவிடாதீர்கள். ஜின்னிங்காரர் (பருத்தியை அரைத்துப் பஞ்சையும் கொட்டையையும் பிரிப்பவர்) இதைப் பார்த்துத்தான் உங்களிடம் விலை பேசுவார்.

அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 27 அன்று 50 சதவீதமாக்கிய வரி வேறு வழியில் உங்களைத் தொடுகிறது. அது திருப்பூர் பனியன், கரூர் வீட்டு உபயோகத் துணிகளின் ஆர்டரைக் குறைக்கும். ஆர்டர் குறைந்தால் நூல் தேங்கும், நூல் தேங்கினால் மில் பஞ்சு வாங்குவதைத் தள்ளிப்போடும். இதற்கு 11 சதவீதம் போல நேர்க் கணக்கு கிடையாது. கவனிக்க வேண்டியது நூல் விலையை. மாதத் தொடக்கத்தில் நூற்பாலைகள் அறிவிக்கும் ஒசைரி (பனியன்) நூல் விலை நாளிதழில் வரும். அது இரண்டு மாதம் தொடர்ந்து இறங்கினால் பருத்தி விலையும் பின்னாலேயே வரும்.

சரி, வயலில் நிற்கும் பருத்திக்கு வருவோம்.

விலக்கு டிசம்பர் 31-உடன் முடிகிறது, நான் தையில்தான் எடுக்கப்போகிறேன், அதனால் தப்பித்தேன் என்று நினைக்க வேண்டாம். கடைசித் தேதி ஒன்று வைத்தால் அதற்குள் எவ்வளவு முடியுமோ அவ்வளவையும் கொண்டுவந்து இறக்கிவிடத்தான் மில்கள் பார்க்கும். அந்தச் சரக்கு ஜனவரி, பிப்ரவரியில் அவர்கள் கிடங்கில் இருக்கும். வரி திரும்பினாலும் உங்கள் முதல் எடுப்பு சந்தைக்கு வரும்போது அவர்களுக்கு அவசரம் இராது. கிடங்கு காலியாகும்போதுதான் வரி திரும்பியதன் பலன் தெரியும். எனவே முதல் எடுப்பை உள்ளூர் வியாபாரியிடம் கேட்ட விலைக்குக் கொடுத்துவிடாமல் இருப்பதுதான் இந்த வருடம் முக்கியம்.

2025-26 பருவத்துக்கான ஆதார விலை நடுத்தர இழைக்கு குவிண்டாலுக்கு 7,710 ரூபாய், நீண்ட இழைக்கு 8,110 ரூபாய். வரி போய், சந்தை 6,650-க்கு வந்துவிட்டது என்று வைத்தாலும் ஆதார விலையில் விற்க முடிந்தவருக்கு குவிண்டாலுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் வித்தியாசம். வரி பறித்ததைப் போல ஏறக்குறைய இருமடங்கு அது. 2024-25-இல் பருத்திக் கழகம் நாடு முழுக்க வாங்கியது சுமார் ஒரு கோடி பேல் (170 கிலோ பஞ்சுக் கட்டு). அதில் நம் மாவட்டங்களின் பங்கு குறைவாக இருப்பதற்குக் கொள்முதல் மையங்கள் குறைவு என்பது ஒரு காரணம். விவசாயிகளிடம் தாள்கள் சரியாக இல்லாததும் ஒரு காரணம். தாள் விஷயத்தை உங்களால் சரி செய்ய முடியும்.

முதலில் அடங்கல், அதாவது கிராமப் பயிர்ப் பதிவேடு. இந்தப் பசலியில் (வருவாய் ஆண்டில்) உங்கள் புல எண்ணுக்கு நேரே பருத்தி என்று பதிவாகியிருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் இந்த வாரமே பாருங்கள். போன வருடப் பயிரான மக்காச்சோளமே தொடர்ந்து நிற்கும் அடங்கல்கள் நிறைய. செடி வயலில் நிற்கும்போது திருத்துவது சுலபம். அடுத்தது கபாஸ் கிசான் செயலி. இந்தப் பருவம் முதல் கழகத்திடம் விற்க அதில் பதிவு செய்து, தேதி முன்பதிவு செய்ய வேண்டும். ஆதார், சிட்டா, பரப்பு விவரம் வேண்டும். பதிவு முடியும் தேதியைச் செயலியிலேயே பார்த்துவிட்டு உடனே முடியுங்கள். பட்டா அப்பா பெயரில் இருந்து, வங்கிக் கணக்கு உங்கள் பெயரில் இருந்தால் இங்கேதான் மாட்டும். பணம் ஆதாரோடு இணைந்த கணக்குக்குத்தான் வரும். எந்த ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு எந்த நாளில் கழகத்தார் வருகிறார்கள் என்பதைப் பெரம்பலூர் விற்பனைக் குழு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் பலர் திரும்பி வருவது ஈரத்தால். ஆதார விலை 8 சதவீத ஈரத்துக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு சதவீதத்துக்கும் விலையில் ஒரு சதவீதம் பிடிப்பார்கள். 12-ஐத் தாண்டினால் வாங்க மாட்டார்கள். மார்கழி, தைப் பனியில் காலை ஏழு மணிக்கு எடுத்த பருத்தி 12-ஐ எளிதாகத் தாண்டும். பனி இறங்கி, வெடித்த காய் தொட்டால் மொறமொறவென்று இருக்கும்போது, பத்து மணிக்கு மேல் எடுக்கச் சொல்லுங்கள். எடுத்ததைத் தார்ப்பாயில் மெல்லியதாகப் பரப்பி ஒருநாள் வெயில் காட்டுங்கள். ஒரு கொட்டையை எடுத்துப் பல்லால் கடித்தால் நொறுங்கிப் பிளக்க வேண்டும். நசுங்கினால் இன்னும் காயவில்லை. யூரியாச் சாக்கு, பிளாஸ்டிக் கோணி எதிலும் அடைக்காதீர்கள். அதிலிருந்து பிரியும் இழை பஞ்சோடு கலந்தால் நூலில் சாயம் ஏறாது என்பதால் மில்காரர் ஒதுக்கிவிடுவார். பருத்தித் துணிப் பையோ சேலையோ போதும். முதல் மூன்று எடுப்புகளைத் தனியாகவும், புழு அரித்து மஞ்சளாக வரும் கடைசிக் கொட்டுப் பருத்தியைத் தனியாகவும் வையுங்கள். ஒரு மூட்டைக் கொட்டுப் பருத்தியைக் கலந்தால் பத்து மூட்டை நல்ல பருத்திக்கும் கொட்டு விலைதான் கேட்பார்கள்.

கழகத்தின் தேதி தள்ளிப்போய், கூலிக்குக் கையில் காசு இல்லையென்றால் விற்பனைக்கூடக் கிடங்கில் வைத்துப் பொருளீட்டுக் கடன் கேளுங்கள். சரக்கின் மதிப்பில் 75 சதவீதம் வரை, 180 நாள் தவணைக்குக் கிடைக்கும். வட்டியையும் பருத்தியை அந்தக் கூடத்தில் ஏற்றுக்கொள்கிறார்களா என்பதையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். விலை ஏறும் என்று நம்பி வைப்பதற்காக இந்தக் கடனை வாங்க வேண்டாம். பதிவு செய்த தேதி வரை தாக்குப்பிடிக்க வாங்குங்கள்.

அடுத்து, அடுத்த ஆவணி. நாலு ஏக்கரையும் மக்காச்சோளத்துக்கு மாற்றுவது சரியா என்பதை உங்கள் ஊர்க் கணக்கிலேயே பார்க்கலாம். கீழே இருப்பவை உதாரண எண்கள். உங்கள் நோட்டில் இருக்கும் எண்களைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

மானாவாரிப் பருத்தி ஏக்கருக்கு 8 குவிண்டால், உழவு முதல் மருந்து வரை செலவு 26,000, எடுப்புக் கூலி கிலோவுக்கு 12 ரூபாய், விலை 7,200 என்றால், வரவு 57,600. கூலி 9,600 போக, செலவும் போக மிச்சம் 22,000. வரி முழுதாகப் போய் 560 ரூபாய் குறைந்தால் மிச்சம் 17,500. மக்காச்சோளம் 18 குவிண்டால், அறுத்து அடிப்பது வரை செலவு 22,000, விலை 2,100 என்றால் மிச்சம் 15,800. இந்த எண்களில், பருத்தி 6,425-க்குக் கீழே போனால்தான் மக்காச்சோளம் முந்தும். வரி போனது மட்டும் உங்களை மாறச் சொல்லவில்லை.

அதே பருத்தியில் மகசூல் 8-லிருந்து 6 ஆகிவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். மிச்சம் 10,000-க்கு இறங்கிவிடும். இரண்டு குவிண்டால் இழப்பு 12,000 ரூபாய். வரி போனதால் வந்த இழப்பு 4,500 ரூபாய். இளஞ்சிவப்புக் காய்ப்புழு ஒரே பருவத்தில் இரண்டு குவிண்டாலைத் தின்றுவிடும். விதைத்த 45-ஆம் நாள் முதல் ஏக்கருக்கு இரண்டு இனக்கவர்ச்சிப் பொறி வைத்து, ஒரு பொறியில் தொடர்ந்து மூன்று இரவு எட்டு அந்துப்பூச்சிக்கு மேல் விழுந்தால் மருந்தடிப்பது, கடைசி எடுப்பு முடிந்ததும் மாரை (எடுப்பு முடிந்த செடியை) வயலில் விடாமல் பிடுங்குவது, மறுதாம்பு விடாமல் இருப்பது ஆகியவை வரியை விட அதிகமான பணத்தை உங்களுக்குக் காக்கும். செய்தித்தாள் வரியைப் பற்றியே பேசுவதால் இது மறந்துபோகிறது என்பதுதான் வருத்தம்.

பருத்தியின் உண்மையான எல்லை எடுக்கும் ஆள். ஒருவர் ஒரு நாளில் சராசரி 30 கிலோ எடுப்பார் என்றால் ஏக்கருக்கு 27 ஆள்நாள் வேண்டும். நாலு ஏக்கருக்கு 108. உங்கள் வீட்டில் மூன்று பேர் எடுக்க முடியும் என்றால், வெடித்த பருத்தியை மழையிலும் பனியிலும் விடாமல் எடுக்க இரண்டு அல்லது இரண்டரை ஏக்கர்தான் சரிவரும். மீதிக்குக் கூலியாளை நம்ப வேண்டும். உள்ளூரில் எல்லோருக்கும் ஒரே வாரத்தில் வெடிக்கும்போது கூலி 12-லிருந்து 15 ஆனால் ஏக்கருக்கு 2,400 போய்விடும். எனவே என் யோசனை: இரண்டரை ஏக்கர் பருத்தி, ஒன்றரை ஏக்கர் மக்காச்சோளம். இதைச் சொல்வதற்குக் காரணம் கைகளின் எண்ணிக்கை. வரி அதற்குப் பிறகுதான்.

நாலு ஏக்கரும் மக்காச்சோளம் ஏன் வேண்டாம்? மக்காச்சோள இறக்குமதிக்கு 50 சதவீத வரி உண்டு. ஐந்து லட்சம் டன் வரை மட்டும் 15 சதவீதத்தில் கொண்டுவரலாம். மரபணு மாற்றிய மக்காச்சோளத்துக்கு அனுமதி இல்லை என்பதால் அமெரிக்கச் சரக்கு நேராக உள்ளே வர முடியாது. பார்த்தால் பருத்தியை விட உயரமான வேலி. ஆனால் மக்காச்சோள விலை வேலிக்கு உள்ளேயே ஆடுகிறது. எத்தனால் ஆலைகள் வாங்கியதால் ஏறிய விலை, இந்திய உணவுக் கழகத்தின் அரிசியை அதே ஆலைகளுக்கு குவிண்டால் 2,250 ரூபாய்க்குக் கொடுத்ததும் அந்த வேகத்தை இழந்தது. எத்தனால் ஆலையில் மிஞ்சும் சக்கை கோழித்தீவனத்துக்குப் போவதால் நாமக்கல், பல்லடம் வாங்குவதும் குறைகிறது. 2025 காரீஃபில் நாடு முழுக்கப் பரப்பும் கூடியது. ஆதார விலை 2,400 என்று இருந்தும் கர்நாடகத்தில் அதற்கு வெகு கீழே விற்றதால், விவசாயிகள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். அந்தச் சரக்கு லாரியில் நாமக்கல் வருவதற்கு ஒரு இரவு போதும். பருத்திக்குப் பயந்து ஊரே மக்காச்சோளத்துக்குப் போனால் அடுத்த மாசியில் அந்த விலையை நீங்களே இறக்கிவிட்டவர்களாவீர்கள். 2025-இன் இந்திய-அமெரிக்க வணிகப் பேச்சில் மக்காச்சோளமும் சோயாவும் மேசையில் இருந்தன என்பதையும் மனதில் வையுங்கள்.

மக்காச்சோளத்தில் ஒரு கவனம். விதைத்த மூன்றாம் நாள் அட்ரசின் களைக்கொல்லி அடித்துவிட்டால், மழை பொய்த்து முளைப்பு கெட்டாலும் அந்த நிலத்தில் உடனே பருத்தியோ உளுந்தோ வெங்காயமோ விதைக்க முடியாது, முளை கருகிவிடும். மாற்றிக்கொள்ளும் வாய்ப்பை வைத்திருக்க விரும்பினால், அல்லது ஊடுபயிராக உளுந்து போடுவதென்றால், பெண்டிமெத்தலின் பயன்படுத்துங்கள். புரட்டாசி பாதிக்கு மேல் மழை வந்தால் பருத்தி விதையைப் பிரிக்கவே வேண்டாம். அதற்கு மேல் விதைத்த மானாவாரிப் பருத்தி பூக்கும் நேரத்தில் ஈரம் இராது. எந்த வரியும் அதைச் சரிக்கட்டாது. விதைப் பொட்டலத்தை மழை விழும் வரை வாங்காமல் இருங்கள். வாங்கினால் ரசீதோடு வாங்குங்கள்.

பயிர்க் காப்பீடு பற்றி ஒரு வார்த்தை. பருத்திக்குக் காப்பீட்டுத் தொகையில் 5 சதவீதமும், காரீஃப் மக்காச்சோளத்துக்கு 2 சதவீதமும் கட்ட வேண்டும். அது மகசூல் இழப்புக்குத்தான். வரியால் விலை இறங்கியதற்கு ஒரு பைசா வராது.

கிணற்று நிலத்துக்கு மாசியில் உளுந்து என்று பலர் சொல்லியிருப்பார்கள். மாசியில் விதைத்து அறுபத்தைந்து, எழுபது நாளில் எடுக்கலாம், தண்ணீரும் குறைவு. ஆனால் இறக்குமதியால் அதிகம் அடிபடும் பயிர் இதுதான். உளுந்து 2021 மே முதல் தாராளமாக வரியின்றி வருகிறது. 2025-இல் இருந்த அறிவிப்பு 2026 மார்ச் 31 வரை. வருவதில் பெரும்பகுதி மியான்மரிலிருந்து, இறங்குவது சென்னைத் துறைமுகத்தில். 2025-26-க்கான ஆதார விலை 7,800 என்றாலும் நம் வியாபாரி பார்ப்பது சென்னையில் மியான்மர் உளுந்தின் விலையை. பட்டாணிப் பருப்பு 2023 டிசம்பர் முதல் வரியில்லாமல் வந்து குவிந்து, எல்லாப் பருப்பு விலையையும் அழுத்தியது. 2025 நவம்பர் 1 முதல் அதற்கு 30 சதவீத வரி போட்டார்கள். அதன் பலன் மற்றப் பருப்புகளில் தெரிய நாளாகும்.

அப்படியும் உளுந்து போடலாம், உணவுக்காக விற்காமல் விதைக்காக விற்பதென்றால். வம்பன் 8, வம்பன் 10 போன்ற ரகங்களில் ஆதார விதை வாங்கி, விதைப்பண்ணையாகப் பதியுங்கள். விதைத்த 35 நாளுக்குள் அல்லது பூப்பதற்கு 15 நாள் முன்பாக, எது முந்தியதோ அதற்குள், விதைப்பு அறிக்கையை விதைச்சான்று உதவி இயக்குநர் அலுவலகத்தில் கொடுத்துவிட வேண்டும். உளுந்து சீக்கிரம் பூப்பதால் இருபதாவது நாளிலேயே கொடுப்பது நல்லது. மஞ்சள் தேமல் நோய் வந்த செடியைப் பார்த்த உடனே பிடுங்குங்கள். மியான்மர் உளுந்தை யாரும் விதைக்கு வாங்க மாட்டார்கள், ஆகவே அந்த விலையில் உங்களோடு அது போட்டி போடாது. வேப்பந்தட்டைப் பருத்தி ஆராய்ச்சி நிலையம் பக்கத்தில் இருக்கிறது, வாலிகண்டபுரத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. ரக விதை பற்றி மார்கழியிலேயே கேட்டுவைக்கலாம்.

சின்ன வெங்காயம் உங்கள் பகுதிக்குப் பழகிய பயிர் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே ஆபத்து எதிர்ப் பக்கத்திலிருந்து வருகிறது. இறக்குமதி வரியை எடுப்பதற்குப் பதில், ஏற்றுமதிக்கு வரி போடுவார்கள். 2023 ஆகஸ்டில் 40 சதவீதம், டிசம்பரில் முழுத் தடை, 2024 மே மாதத்தில் மீண்டும் 40, செப்டம்பரில் 20, 2025 ஏப்ரல் 1 முதல் ஒன்றுமில்லை. வடக்கே பெரிய வெங்காயம் விலை ஏறினால் மலேசியா, சிங்கப்பூர் போகும் உங்கள் சின்ன வெங்காயமும் சேர்ந்து மாட்டும். பட்டறையில் இரண்டு மூன்று மாதம் வைத்துப் பார்க்க வசதி இருந்தால் அரை ஏக்கர் போடலாம். பட்டறை இல்லாமல், வயலிலேயே விற்றாக வேண்டிய நிலையில் ஒன்றரை ஏக்கரும் போட வேண்டாம்.

வரிச் செய்தியைப் படிக்கும்போது மூன்றை மட்டும் தேடுங்கள்: எத்தனை சதவீதம், எந்தத் தேதி வரை, எந்த ரகச் சரக்குக்கு. அந்தத் தேதி உங்கள் அறுவடைக்கு மூன்று மாதத்துக்குள் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் அந்தச் செய்திக்காகப் பயிரை மாற்ற வேண்டாம். கோவை வேளாண் பல்கலைக்கழகம் ஒவ்வொரு பட்டத்துக்கும் முன் விலை முன்னறிவிப்பு வெளியிடுகிறது. அதைப் பாருங்கள். ஆனால் அது வெளியான தேதிக்குப் பிறகு வரி மாறியிருந்தால், மேலே சொன்ன குவிண்டால் கணக்கைப் போட்டு, அந்த ரூபாயை அதில் கூட்டியோ கழித்தோ எடுத்துக்கொள்ளுங்கள்.

தை முதல் எடுப்பில் நூறு கிலோவை ஜின்னிங்கில் தனியாக அரைக்கச் சொல்லி, பஞ்சு எத்தனை கிலோ என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 34-க்குப் பதில் 36 வந்தால் உங்கள் பருத்திக்கு குவிண்டாலுக்கு இருநூறு ரூபாயாவது கூடக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு வியாபாரியிடம் பேசுங்கள்.